பதினாலாம் இலக்கத்தின் முன்சுவர் வெளியே போயிருக்கிறது

ஆல்டன்பரி நகரத்து ஷீப் தெருவில், பதினாலாம் இலக்க வீட்டின் முன்சுவர், பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், தன் கதவோடும் யன்னல்களோடும் கதவில் பதித்த பித்தளை இலக்கத்தோடும் கிளம்பி, வலது பக்கம் திரும்பி, தபாற்கந்தோரைத் தாண்டிப் போனது. அந்த நேரம் தெருவில் மூன்று பேர் நின்றார்கள். நாயோடு நின்ற மனிதர் சுவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, "குட் மோர்னிங்" சொன்னார். பஸ்ஸுக்கு நின்ற பெண், இது வரிசையில் தனக்கு முன்னால் நுழையப் பார்க்கிறதோ என்று மட்டும் கவனித்தார். மூன்றாவது ஆள் எங்கள் தவமலர். குப்பைத்தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைத்துவிட்டுத் திரும்பினால், அவருடைய வீட்டின் மூன்று மாடியும் தட்டுத் தட்டாகத் தெருவுக்குத் தெரிந்தன; கீழே சாமிப்படங்கள், நடுவில் கட்டில், மேலே கொடியில் காய்ந்த அவர் கணவர் கனகலிங்கத்தாரின் பனியன்கள்.

தவமலர் கத்தவில்லை. முதலில் ஓடிப்போய் பனியன்களை எடுத்தார்.

இந்த வீட்டின் சாதகத்தைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால் கம்பளி வியாபாரி ஒருவன் பச்சை ஓக் மரச்சட்டங்களை நட்டு, சட்டங்களுக்கு இடையே தடி வரிந்து, களிமண்ணும் மாட்டுச் சாணமும் குழைத்து அப்பி, மேல்மாடிகளைத் தெருப்பக்கம் இரண்டடி துருத்தவிட்டுக் கட்டிய வீடு அது. (வெள்ளைக்காரனும் சாணி பூசித்தான் இருந்தான் என்று கேள்விப்பட்ட நாளில் இந்த நகரத்தில் வந்து குடியேறிய எங்கள் தமிழ் ஆட்களுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.) பச்சை மரம் காயக் காய வீடு முறுகியது, சரிந்தது, ஒரு தோள் ஏறி மறுதோள் இறங்கியது. இருநூற்றைம்பது வருஷம் அப்படியே நின்ற பிறகு ஒரு சட்டத்தரணி அதை வாங்கினார். அயலெல்லாம் நூல் பிடித்தாற்போல் செங்கல் வீடு எழும்புகிற காலத்தில், தான் மட்டும் கோணல் வீட்டிலிருந்து படியிறங்குவது அவருக்கு மானக்கேடாகப் பட்டது. முழுவதையும் இடித்துக் கட்ட மனம் வரவில்லை. ஆகவே முன்பக்கக் களிமண்ணை மட்டும் தட்டிக் கொட்டிவிட்டு, சட்டங்களை விலா எலும்பாக விட்டுவைத்து, அவற்றுக்கு முன்னால் சிவப்புச் செங்கல்லில் ஒரு சுவரை நிறுத்தினார். எட்டு யன்னல், இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கதவு, கதவுக்கு மேலே விசிறி வடிவில் கண்ணாடி, உச்சியில் பழைய கூரையை மறைக்க ஒரு கைப்பிடிச் சுவர். முன்னால் பார்த்தால் கனவான். பின்னால் போனால் அதே கம்பளி வியாபாரி. பிறகு அரசாங்கம் யன்னல்களுக்கு வரி போட்டபோது, அவருடைய மகன் இரண்டு யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தான். அவை அன்றிலிருந்து குருட்டு யன்னல்கள்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களைப் பட்டியல் போட வந்த அதிகாரி, அன்று மழை பெய்தபடியால், எதிரே இருந்த பாண் சுடும் கடையின் வாசலில் ஒதுங்கி நின்று, தெருவுக்கு அப்பாலிருந்தே பார்த்து மூன்று வரி எழுதிக்கொண்டு போய்விட்டார். மூன்று வரியிலும் முன்சுவர்தான் இருந்தது, வீடு இல்லை. இதை யாரும் மறக்க வேண்டாம்.

அந்த வீட்டைத்தான் நாற்பத்தோராம் இலக்க பஸ்ஸின் சாரதி கனகலிங்கம் வாங்கினார். வாங்கிய அன்றே எதிர்ப்பக்கம் போய் நின்று, தூண்கள் இரண்டும் தெரிய, தானும் மனைவியும் தெரிய, ஒரு படம் எடுப்பித்து ஊருக்கு அனுப்பினார். அந்த ஊரான புலோலியில் இன்றைக்கும் அவர் அரண்மனையில் இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்து பார்த்த எங்களுக்குத்தான் தெரியும், வரவேற்பறையில் ஒரு தேசிக்காய் கைதவறினால் அது தானாக உருண்டு குசினிக்குப் போய்ச் சேருமென்று. தாழ்ந்த உத்தரத்தில் அவர் தினமும் இடித்துக்கொண்டு, அந்தத் தழும்பின் மேல் திருநீறு பூசிக்கொள்வார் என்பதும் தெரியும். ஆனால் வீட்டைப் பற்றி அவர் பேசினால் சுவரைப் பற்றித்தான் பேசுவார். "என்ரை முகப்பு," என்பார்.

அன்று காலை என்ன நடந்தது என்றால், இரட்டைக் கண்ணாடி யன்னல் போடக் கேட்ட விண்ணப்பத்தை நகரசபை மூன்றாம் தடவையும் மறுத்துக் கடிதம் அனுப்பியிருந்தது. குளிர்காற்று யன்னல் இடுக்கால் வந்து, சாமி விளக்கை அணைத்து, தேத்தண்ணியை ஆற்றி, கனகலிங்கத்தாரின் முழங்காலில் குடியிருந்தது. அவர் சாரதிச் சீருடையோடு யன்னலை இறுக்கிச் சாத்தப் போனார். யன்னல் சட்டென்று இறங்கி அவர் விரலில் விழுந்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சுவரில் ஓங்கி அடித்து, "போ! எங்கையாவது போ!" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

சுவர் போய்விட்டது.

ஒன்பது நாற்பதுக்கு, எரிபொருள் நிலையத்துக்கு முன்னால், நாற்பத்தோராம் இலக்க பஸ்ஸின் கண்ணாடி வழியே, கனகலிங்கம் தன் வீட்டைக் கண்டார். பம்புகளுக்குப் பின்னால், தூண் இரண்டும் துலங்க, எட்டு யன்னலும் நேர்வரிசையில் நிற்க, அது அங்கே நின்றது. காசாளர் பெண் விசிறிக் கண்ணாடிக்குக் கீழே கதவைத் திறந்து வெளியே வந்து, "டீசல் தீர்ந்துவிட்டது" என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டு உள்ளே போனாள். கனகலிங்கம் பஸ்ஸை நிறுத்தவில்லை. அது தரிப்பிடம் இல்லை.

அன்று பின்னேரமே எங்கள் ஆட்கள் இருபத்தேழு குடும்பமும் ஷீப் தெருவுக்கு வந்துவிட்டோம். செத்தவீட்டுக்குப் போகிற மாதிரித்தான் போனோம், வேறு எப்படிப் போவது என்று தெரியவில்லை. பிஸ்கட் பெட்டிகளோடு போய், சத்தமில்லாமல் இருந்து, பெருமூச்சு விட்டு, முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டோம்.

"எத்தினை மணிக்குப் போனது?"

"எட்டு அஞ்சிருக்கும்," என்றார் தவமலர். அதற்குள் அவர் ஆறு சேலைகளை இணைத்துத் தைத்து மரச்சட்டங்களில் கட்டியிருந்தார். மேல்மாடிக்குக் காஞ்சிபுரம், நடுமாடிக்கு வொயில், காற்று மோதும் கீழ்மாடிக்கு நைலெக்ஸ்.

"முதல்நாள் ஏதும் வித்தியாசமா இருந்ததோ?"

"இல்லை. நல்லாத்தான் நிண்டது."

"போகேக்கை ஆர் பக்கத்திலை? கடைசியா ஆர் கதைச்சது?"

எல்லோரும் கனகலிங்கத்தாரைப் பார்த்தோம். அவர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்," என்றார்.

"என்ன சொன்னியள்?"

"போ எண்டு சொன்னன்."

"போயிட்டு வா எண்டோ?"

"இல்லை. போ எண்டு."

கையிலிருந்த தேத்தண்ணியை எல்லோரும் கீழே வைத்தோம். எங்கள் ஆட்கள் யாரும் 'போறன்' என்று சொல்லிப் படியிறங்குவதில்லை, கடைக்குப் போனாலும் கண்டத்துக்குப் போனாலும் 'போயிட்டு வாறன்'தான். வழியனுப்புகிறவர்களும் 'போயிட்டு வாங்கோ' என்றுதான் சொல்வார்கள். இழவு வீட்டிலிருந்து மட்டுமே அந்த 'வாறன்' இல்லாமல் எழும்பி வருவோம். குண்டு விழுந்த நாளில், உடுத்த உடுப்போடு ஓடியபோதுகூட, பூட்டிய கதவைப் பார்த்து 'போயிட்டு வாறம்' என்று சொல்லிவிட்டு ஓடியவர்கள் எங்களில் பாதிப்பேர். கனகலிங்கமும் சொல்லிவிட்டு ஓடியவர்தான். அந்த மனுஷன், ஒரு யன்னலுக்காக, ஒரு விரலுக்காக, நின்ற சுவரைப் பார்த்து வெறும் 'போ' சொல்லியிருக்கிறார்.

"ஒரு பேச்சுக்கு ஒரு 'வா'வையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே," என்றார் தவமலர். அதற்குப் பிறகு நான்கு கிழமைக்கு அவர் கணவரோடு பேசியதெல்லாம் அந்த ஒரு வசனத்தைத்தான், வெவ்வேறு சுதியில்.

வெள்ளைக்காரர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஒரு சுவர் நடந்து திரிவது பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அது மஞ்சள் கோட்டில் நின்றால்தான் குறை. ஊர்ப் பத்திரிகையில் வானிலைக்கும் பஸ் நேரத்துக்கும் நடுவில் "இன்று பதினாலு" என்று ஒரு மூலை தொடங்கியது. புதன்கிழமை அது பந்தயக் கடைக்கு முன்னால் நின்றது. வழக்கமாகப் போகிறவர்கள் தூண்களைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பிப் போய், சவரம் செய்துகொண்டு வந்து, காலைத் துடைத்துவிட்டு உள்ளே போய்த் தோற்றார்கள். வெள்ளிக்கிழமை கோழிப்பொரியல் கடைக்கு முன்னால் நின்றது. அன்று அந்தக் கடையில் கை கழுவாமல் சாப்பிட்டவர் ஒருவருமில்லை. சனிக்கிழமை உதைபந்தாட்ட மைதானத்தில், பின்னால் ஒன்றும் இல்லாமல், நடுவட்டத்தில் தனியாக நின்றது. இரண்டு கட்சியும் அதைச் சுற்றி ஓடி விளையாடி, ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் முடித்தார்கள். தபால்காரர் மட்டும் தன் கடமையில் வழுவவில்லை. பதினாலு என்ற இலக்கம் எந்தக் கதவில் இருக்கிறதோ அந்தக் கதவில் கடிதத்தைப் போட்டார். அதனால் நகரசபையின் முதலாவது எச்சரிக்கைக் கடிதம் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் போய் விழுந்தது. அங்கே வாயில் பஞ்சோடு இருந்த ஆறு பேர் அதை வாசித்து, ஆளுக்காள் கைமாற்றி, பின்னேரம் கனகலிங்கத்தாரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இரண்டாவது கடிதத்துக்குக் காத்திராமல் அதிகாரியே வந்தார். பழைய கட்டடப் பிரிவின் மிஸ்டர் கோல், மெலிந்த, மரியாதையான, கைக்குட்டையை நான்காக மடித்து வைத்திருக்கிற மனிதர். காஞ்சிபுரச் சேலை காற்றில் ஊதி அமர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முன்சுவரை இடித்திருக்கிறீர்கள்," என்றார்.

"இடிக்கேல்லை," என்றார் கனகலிங்கம். "போயிட்டுது."

மிஸ்டர் கோலின் படிவத்தில் 'இடிக்கப்பட்டது' இருந்தது, 'மாற்றப்பட்டது' இருந்தது, 'எரிந்தது' இருந்தது. 'போய்விட்டது' இல்லை. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சட்டத்தை வாசித்துக் காட்டினார்: இருபத்தெட்டு நாளுக்குள், அதாவது மார்ச் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை நண்பகலுக்குள், முன்சுவர் இந்த இடத்தில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் வீட்டை நகரசபை எடுத்துக்கொள்ளும். கனகலிங்கத்துக்கும் தவமலருக்கும் இந்தப் பூமியில் இருந்தது அந்த ஒரு வீடு. ஊர் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

"வா எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, வந்திடும்," என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். தவமலர் முதலே போய்ச் சொல்லிப் பார்த்திருந்தார்; வங்கி வாசலில் நின்ற சுவரிடம் போய், தன் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டிருந்தார். அது யன்னலைக்கூட அசைக்கவில்லை. அனுப்பியவர்தான் அழைக்க வேண்டும், அது நியாயம்தானே. ஆனால் கனகலிங்கத்தாரின் பிடிவாதம் எங்கள் ஊர்ப் பிடிவாதம்.

"தானாப் போனது தானா வரட்டும். ஒரு சுவரிட்டைப் போய்க் கெஞ்சுவனோ?"

இப்படியே மூன்று கிழமை போனது. அவர் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை பஸ்ஸில் அதைக் கடந்து போனார், எட்டுத் தடவையும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு போனார், ஆனால் பின்னாலிருந்த பயணிகள் எல்லோரும் கண்டார்கள், அந்த இடம் வந்ததும் பஸ் தானாக மெதுவாவதை.

மூன்றாம் கிழமை முடிய, சுவர் அலைச்சலை விட்டுவிட்டு ஓரிடத்தில் நின்றது. நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் கேனால் வீதி என்றொரு வீதி. அதில் சாம்பல் நிறத்தில், மூன்று மாடியில், மழை வழிந்து கறுத்த ஒரு கொங்கிறீற் கட்டடம். பதினொரு குடும்பங்கள் இருந்தன. சோமாலியாவிலிருந்து வந்த ஹோதன் என்ற தையற்காரி மேல்மாடியில் இருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தவர்கள். அந்தக் கட்டடத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்ட ஒரு நிறுவனம் எல்லா அனுமதியும் எடுத்து வைத்திருந்தது. இடிக்கிற நாளும் குறித்தாயிற்று. அதே திங்கட்கிழமை.

சுவர் அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டது. அகலம் போதவில்லை, இரண்டு பக்கமும் ஒன்றரை அடி கொங்கிறீற் தெரிந்தது, வளர்ந்த ஆளுக்குச் சின்னச் சட்டை போட்ட மாதிரி. ஆனால் கதவு கதவுக்கு நேராகவும் மாடி மாடிக்கு நேராகவும் பொருந்தியது. ஹோதனின் தையல் மேசை மட்டும் குருட்டு யன்னலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. அவள் முறைப்படவில்லை. தினமும் காலையில் அந்தச் செங்கல்லில் விரலால் மூன்று தட்டு, மரியாதையாக, தட்டிவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு தைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. கனகலிங்கம் காலையில் திருநீறு பூசினார், சீருடை போட்டார், சேலையை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார், திரும்பிப் பார்த்தார். ஐந்நூறு வருஷத்து மரச்சட்டங்கள் வரிசை தப்பி நின்றன. நைலெக்ஸ் சேலைக்குப் பின்னால் தவமலர் நின்றார்.

"போயிட்டு வாறன்," என்றார் கனகலிங்கம்.

"கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் தவமலர்.

பத்தரை மணிக்கு, நாற்பத்தோராம் இலக்க பஸ், சந்தைச் சந்தியில் இடது பக்கம் திரும்ப வேண்டியது வலது பக்கம் திரும்பியது. பயணிகளில் ஒருவரும் மணி அடிக்கவில்லை. இறங்க வேண்டியவர்களும் இறங்கவில்லை. முன் இருக்கையில் மிஸ்டர் கோல், மடியில் கோப்போடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் தெருவின் மிஸிஸ் ஹில்டா, நகர வரலாற்றுச் சங்கத்தின் தலைவி, எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் அளவுநாடாவை இழுக்கிற பெண்மணி, தன் நாடாவோடு இருந்தார். பின்னால் எங்கள் ஆட்கள். வழியில் நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, பஸ் கேனால் வீதியில் போய் நின்றபோது உள்ளே நிற்கவும் இடமில்லை.

அங்கே இடிக்கும் இயந்திரம் ஒன்று நின்றது. அதன் சாரதி கீழே இறங்கி, கையில் இருந்த தாளையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குச் சாம்பல் நிறக் கட்டடம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்," என்றான். "இது சிவப்பு. இதில் தூண் இருக்கிறது." இதைத் தொட்டால் சிறைக்குப் போகவேண்டி வருமென்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நிறுவனத்து மனிதர் ஒருவர் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

கனகலிங்கம் நேரே போய்த் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்றார். கதவுத் திறப்பு அவருடைய பொக்கற்றில்தான் இருந்தது. எடுத்தார். எடுத்தவர் திரும்பப் பொக்கற்றில் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினார். ஏன் தட்டினார் என்று அவரிடம் பிறகு எத்தனையோ தரம் கேட்டோம். "உள்ளுக்கு ஆக்கள் இருக்கேக்கை தட்டத்தானே வேணும்," என்றார்.

ஹோதன் கதவைத் திறந்தாள். கழுத்தில் அளவுநாடா, வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துவிட்டு, "யார் வேண்டும்?" என்று கேட்டாள்.

தன் வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்பது என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கனகலிங்கத்தார் ஒரு படி பின்னுக்கு நின்றார். அவளுடைய தோளுக்கு மேலால் பார்த்தார். மாடிப்படியில் பதினொரு குடும்பத்துப் பெட்டிகளும் கட்டி அடுக்கியிருந்தன. ஒரு பெட்டிக்கு மேலே, உடையாமலிருக்கத் துவாயில் சுற்றி, யாரோ ஒரு மணிக்கூட்டை வைத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார். அவருடைய படுக்கையறை யன்னலில் யாருடையவோ குழந்தைச் சொக்ஸ் காய்ந்தது. அவருடைய எட்டு யன்னலிலும், குருட்டு யன்னல் இரண்டு நீங்கலாக, ஆட்கள் நின்று அவரைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்ல வந்திருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரியும். ஊர்ப் பத்திரிகையில் வந்திருந்தது.

"பதினொன்று ஐம்பது," என்றார் மிஸ்டர் கோல், கைமணிக்கூட்டைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் குரலில்.

கனகலிங்கம் தூணில் கை வைத்தார். முதலில் ஏசினார்.

"நாலு கிழமை. நாலு கிழமையா இந்தக் குளிருக்குள்ளை மனுசியைச் சேலைக்குப் பின்னாலை வைச்சிட்டு, ஊரெல்லாம் திரிஞ்சிருக்கிறாய். பந்தயக் கடையிலை உனக்கு என்ன வேலை? ஒரு சொல்லுப் பொறுக்க மாட்டியோ? எங்களை எத்தினை பேர் என்னென்ன சொன்னவங்கள், நாங்கள் பொறுக்கேல்லையோ?"

சுவர் கேட்டுக்கொண்டு நின்றது. நாங்கள் இன்னும் கிட்ட நெருங்கினோம். 'வா' என்கிற சொல் அவருடைய நாக்கு நுனியில் இருந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். அதைச் சொன்னால் வீடு மிஞ்சும். சொல்லிச் சுவர் நகர்ந்த அடுத்த நிமிடம் இயந்திரம் நகரும்.

அவர் தூணைத் தடவினார். "சரி," என்றார். "இருந்திட்டு வா. அவசரமில்லை. ஆறுதலா இருந்திட்டு வா."

எங்களில் சிலர் தலையில் கைவைத்தோம். சிலர் அழுதோம். நான் இரண்டையும் செய்தேன்.

மிஸ்டர் கோலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன சொன்னார்?" என்று கேட்டார். நாங்கள் இருபத்தேழு குடும்பமும் ஒரே நேரத்தில் விளக்கினோம். அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "ஆனால் சுவர் அதன் இடத்தில் இல்லையே. வீட்டை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமே," என்றார்.

அப்போதுதான் மிஸிஸ் ஹில்டா முன்னுக்கு வந்தார். பட்டியலில் உள்ள மூன்று வரியையும் மனப்பாடமாகச் சொன்னார். எட்டு யன்னல், அவற்றில் இரண்டு குருடு; தூண் வைத்த கதவு; விசிறிக் கண்ணாடி; இலக்கம் பதினாலு. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் உடையவில்லை. "அருங்காட்சியகத்தில் ஒரு படத்தை வேறு ஊருக்கு இரவல் கொடுத்தால் என்ன செய்வார்கள்? அதன் இடத்தில் ஒரு அட்டை மாட்டுவார்கள். படம் தொலைந்ததாகச் சொல்வார்களா?"

மிஸ்டர் கோல் கோப்பைத் திறந்து மூன்று வரியையும் சரிபார்த்தார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கனகலிங்கத்தாரிடம் திரும்பினார். "இரவல் என்றால் திரும்பி வர வேண்டும். வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

"நான் 'வா' எண்டு சொல்லியிட்டனே," என்றார் கனகலிங்கம், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

மிஸ்டர் கோல் எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். எங்களில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் இல்லை என்று கண்டுகொண்டிருக்க வேண்டும். படிவத்தின் அடியில், அச்சிட்ட வரிகளுக்குக் கீழே, தன் கையால் ஒரு புதிய கட்டம் வரைந்து, அதில் எழுதினார்: 'வெளியே போயிருக்கிறது. திரும்பி வரும். உத்தரவாதம்: சொல்லியிருக்கிறார்கள்.' கையெழுத்துப் போட்டு நேரத்தையும் குறித்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு இவ்வளவு தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டு முறைப்பாடும் எழுதினார்கள்.

பாதுகாக்கப்பட்ட சுவர் முன்னால் நிற்கிறவரை அந்தக் கட்டடத்தில் யாரும் கைவைக்க முடியாமற்போனது. நிறுவனம் இரண்டு வருஷம் வழக்காடிக் களைத்து வேறு ஊருக்கு இடிக்கப் போய்விட்டது. மிஸ்டர் கோலுக்கோ ஒரு வெட்கம் பிடித்துக்கொண்டது. முதல்தரம் மழைக்குப் பயந்து முன்னால் மட்டும் பார்த்துப் பட்டியல் போட்ட தன் இலாகாவின் பாவத்துக்குப் பரிகாரம்போல, சுவருக்குப் பின்னால் போய், அந்த அழகில்லாத கொங்கிறீற் கட்டடத்தை மாடி மாடியாகப் பார்த்து, பதினொரு பக்கம் எழுதினார். படிக்கட்டின் வளைவைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். ஆறாவது வருஷம் அந்தக் கட்டடமும் பட்டியலில் ஏறியது.

அந்த ஆறு வருஷத்தில் பாதிக்குமேல் கனகலிங்கமும் தவமலரும் சேலைக்குப் பின்னால்தான் இருந்தார்கள். 'இவ்விடத்து முன்சுவர் வெளியே போயிருக்கிறது' என்ற அட்டை நடுச்சட்டத்தில் தொங்கியது. குளிர் குளிராகத்தான் இருந்தது. அதை இனிப்புப் பூசிச் சொல்ல நான் தயாரில்லை. தவமலருக்கு இரண்டு மாரிகாலம் நெஞ்சுச்சளி. நாங்கள் முறைவைத்துச் சேலை கொடுத்தோம்; கல்யாணச் சேலை கொடுத்தவர்களும் உண்டு. கடைசியில் மிஸிஸ் ஹில்டா பழைய முறைப்படி தடி வரிந்து களிமண் அப்பலாம் என்று சொல்ல, சாணம் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணை பண்ணையாகப் போனோம். கனகலிங்கத்தார் காற்சட்டையை மடித்துவிட்டு மிதித்துக் குழைத்தார். வீட்டுக்கு அதன் பழைய முகம் வந்தது, கோணலாக, பல்லிளித்துக்கொண்டு. அவர் அதையும் ஒரு படம் எடுத்துப் புலோலிக்கு அனுப்பினார். அங்கே அரண்மனைக்கு என்ன நடந்தது என்று கேட்டுக் கடிதம் வந்தது. 'வெளியே போயிருக்கிறது' என்று பதில் எழுதினார்.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கேனால் வீதித் திருப்பத்தில் பஸ் மெதுவாகும். தவமலர் வீட்டில் கேட்பார்: "எப்பிடி இருக்குது?" "நல்லா இருக்குது. புதுத் திரைச்சீலை போட்டிருக்கினம்," என்பார் கனகலிங்கம்.

கட்டடம் பட்டியலில் ஏறிய அறிவித்தல் வந்த மறுநாள், சித்திரை வெயில் அடித்த ஒரு காலை, பால் வாங்கிக்கொண்டு திரும்பிய கனகலிங்கம் தெருமுனையில் நின்றுவிட்டார். சுவர் தன் இடத்தில் நின்றது. களிமண் முகத்துக்கு முன்னால், அதை நெரிக்காமல், பழைய அளவில் பொருந்தி நின்றது. விசிறிக் கண்ணாடிக்குக் கீழே யாரோ கட்டிவிட்ட காகிதப் பூ மாலை. ஒரு யன்னலில் ஒட்டுப்படம். கீழ்ச்செங்கற்களில் ஆறு வருஷத்துச் சோக்கட்டிக் கோலங்கள். குருட்டு யன்னல் இரண்டும் திறந்திருந்தன. செங்கல் இல்லை, அடைப்பு இல்லை, இரண்டிலும் கண்ணாடி மினுங்கியது, எட்டும் எட்டுத்தான்.

எங்கிருந்தோ மோப்பம் பிடித்து மிஸ்டர் கோல் வந்துவிட்டார். யன்னல்களை எண்ணினார். இன்னொரு தரம் எண்ணினார். "பட்டியலில் இரண்டு குருட்டு யன்னல்," என்றார் துக்கத்தோடு. "இது அனுமதியில்லாத மாற்றம். மிஸ்டர் கனகலிங்கம், நான் இதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டி வரும்." படிவத்தை எடுத்தார். தெரு கூடிவிட்டது.

கனகலிங்கம் சுவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் வாயைத் திறந்தார்.

மேல்மாடியில், இருநூறு வருஷமாக அடைத்திருந்த யன்னல் மேலே ஏறியது. தவமலர் அதற்குள்ளால் தலையை நீட்டினார்.

"இஞ்சாருங்கோ! வந்ததும் வராததுமா ஏதும் சொல்லிப்போடாதையுங்கோ!"

மிஸ்டர் கோலின் பேனைகூட நின்றுவிட்டது. கனகலிங்கம் வாயை மூடினார், விழுங்கினார், பால் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டப் போய், வலது பக்கத் தூணில், வெயிலில் சூடேறியிருந்த இடத்தில், கையை வைத்தார்.

"சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.